உள்தெருவில் கடை வரலாமா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒரு விவாதம்

ஏரிக்கரைவாசி

மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு இருபதடி அகலம். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் தீர வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு வரை எல்லாமே வீடுகள். முதலில் ஒரு வீட்டில் கார் நிறுத்துமிடத்துக்கு ஷட்டர் போட்டு இட்லி மாவுக் கடை வந்தது. அடுத்தது தையல் கடை. இப்போது மூலை வீட்டுக்காரர் தரைத்தளத்தைக் காபிக் கடைக்கு விடப்போகிறார். வாசலில் ஸ்டூல் போட்டு இரவு பதினொரு மணி வரை நடத்தப்போகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டம். ‘உள்தெருக்களில் எந்த வணிகத்துக்கும் அனுமதி தரக்கூடாது’ என்று தீர்மானம் போட்டு மாநகராட்சிக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும் அனுப்ப இருக்கிறோம். வரைவை எழுதியவன் நான்தான். ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கேயே சொல்லிவிட்டால் கூட்டத்தில் நேரம் மிச்சமாகும்.

மொட்டைமாடித் தோட்டம்

எனக்கு ஆட்சேபம் உண்டு. ‘எந்த வணிகத்துக்கும்’ என்றால் அண்ணாச்சி கடையும் சேர்த்தியா?

என் மாமியாருக்கு முழங்கால் வலி. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கும் மெயின் ரோட்டை நானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன். தெருமுனைக் கடைக்கு மட்டும் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வருகிறார். அரை லிட்டர் பால், பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி கறிவேப்பிலை, ஒரு கட்டு அப்பளம். பணம் எடுத்துப்போக மறந்தால் அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொள்கிறார். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடிய வாரத்தில் நம் வீடுகளில் எல்லாம் சமையல் நடந்தது யாரால் என்று வரைவு எழுதியவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழைய மாம்பலம்

அண்ணாச்சி கடையை முன்னால் நிறுத்தித்தான் மற்ற எல்லாக் கடைகளும் உள்ளே வரும், அம்மா. நான் பிறந்து வளர்ந்த இடத்தில் அதுதான் நடந்தது.

தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து, பூங்காவுக்கு இடம் விட்டு, குடியிருப்புக்கென்றே வரைந்து கட்டிய பகுதி. ரங்கநாதன் தெருவும் ஒரு காலத்தில் வீடுகள் இருந்த தெருதான். இதை வணிகத் தெருவாக்குவோம் என்று யாரும் எந்தக் கூட்டத்திலும் முடிவு செய்யவில்லை. ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்களை நம்பி ஒருவர் முன்னறையைக் கடைக்கு விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு வரும் வாடகையையும் கடை வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2008இல் அந்தத் தெருவில் ஒரு கடையில் தீப்பிடித்து ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் விதிமீறல் கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் பொங்கல் வியாபாரத்துக்காக இடைக்கால அனுமதியோடு திறந்தார்கள். 2017இல் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடைக் கட்டடம் விடிய விடிய எரிந்து, கடைசியில் அதை இடித்தே அப்புறப்படுத்தினார்கள்.

விதிமீறி விட்டுக் காத்திருந்தால் ஒருநாள் அரசே வரன்முறைப்படுத்தும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1998இலும் அதற்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2017இலும் திட்டம் கொண்டுவந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: முதல் ஷட்டரிலேயே நிறுத்துங்கள். பத்தாவது ஷட்டர் வரும்போது கூட்டம் போட உங்கள் தெருவில் குடித்தனக்காரர்கள் இருக்கமாட்டார்கள்.

ராயர்

காபிக் கடை எப்போது திறக்கிறார்கள்? கும்பகோணம் டிகிரி காபியா, வெறும் பெயர்ப்பலகையா?

ஏரிக்கரைவாசி

ராயர், தயவுசெய்து.

வரைபடம்

கட்டட அனுமதிக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற தொழில் எனக்கு. தீர்மானத்தின் வாசகம் நிற்காது, ஐயா.

சென்னையின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் இரண்டாவது முழுமைத் திட்டத்திலும் (மாஸ்டர் பிளான்) சரி, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் சரி, ஆதாரக் குடியிருப்புப் பகுதி என்றால் வீடு மட்டும்தான் என்று அர்த்தம் இல்லை. அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள், தையல், அங்கேயே குடியிருக்கும் மருத்துவர் அல்லது வழக்கறிஞரின் ஆலோசனை அறை போன்றவை பரப்பளவு வரம்போடு அனுமதிக்கப்பட்டவை. கலப்புக் குடியிருப்புப் பகுதியில் இன்னும் தாராளம். ஏற்கெனவே விதி அனுமதிப்பதை ‘எதற்கும் கூடாது’ என்று நீங்கள் கேட்டால், மனு அப்படியே கோப்பில் தூங்கும்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மாவு விற்பதில் தவறில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு ஷட்டர் போட்டதுதான் தவறு. அனுமதி பெற்ற வரைபடத்தில் அது வாகனத்துக்கான இடம். அதை மூடியதால் அந்த வீட்டுக் கார் இப்போது தெருவில் நிற்கிறது. நான் பார்த்தவரை உள்தெருத் தகராறுகளில் பெரும்பாலானவை கடையில் தொடங்குவதில்லை, தெருவுக்கு வந்துவிட்ட காரில்தான் தொடங்குகின்றன.

மாவுக்கடை அக்கா

சிட்லபாக்கத்தில் வீட்டோடு மாவுக்கடை வைத்திருக்கிறேன். எனக்கும் ஷட்டர்தான், அதனால் வரைபடம் அண்ணன் சொல்வது சுடுகிறது. ஆனால் எங்களிடம் கார் கிடையாது. இல்லாத காருக்கு இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் முன்பணம் கட்டிக் கடை பிடி என்றால் என்னால் தொழிலே செய்ய முடியாது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தொழிலையே எடுத்தேன்.

சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர் இரண்டு ஓடுகின்றன. முதலில் பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரை ஒட்டி வைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக் கட்டில் அதிர்கிறது என்று அந்த வீட்டுப் பெரியவர் வந்து சொன்னார். சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டேன். காலை ஆறு மணிக்கு முன்னால் ஓட்டுவதில்லை. உளுந்தை இரவிலேயே அரைத்துப் பொங்கவிட்டால் மாவு நன்றாக இருக்கும் என்று தெரியும். அதையும் ஒன்பதோடு நிறுத்திவிடுகிறேன். மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிட்டேன். வீட்டு இணைப்பில் ஓட்டிப் பிடிபட்டால் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள்.

ஏரிக்கரைவாசி

அக்கா, எல்லோரும் உங்களைப் போல நடந்தால் நான் ஏன் வரைவு எழுதப்போகிறேன்? எங்கள் தெருவில் அரிசி கழுவிய தண்ணீர் நேரே மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. இரண்டு நாள் தேங்கினால் புளித்த நாற்றம், அதன் பிறகு கொசு. சொல்லிப் பார்த்தோம். ‘எல்லார் வீட்டுக் கழிவுநீரும் அதில்தானே போகிறது’ என்று பதில் வந்தது. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை என்பதுதான் எரிச்சல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45 என்று ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. அளக்க யார் வருகிறார்கள்? நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்பவர்கள் ஒன்றைச் சொல்லுங்கள்: நிபந்தனையைக் காப்பாற்றுவது யார் பொறுப்பு? தெருவில் உள்ள நாங்கள்தான் தினமும் சண்டை போட வேண்டுமென்றால், முழுத் தடையே எளிது.

யோகோஹாமா

வேலைக்காக ஜப்பானில் இருக்கிறேன். இங்கே மிகவும் கறாரான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு சேர்ந்த கடைக்கு இடம் உண்டு. கடைப் பகுதி 50 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. மொத்தக் கட்டடத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். நம் கணக்கில் சுமார் 540 சதுர அடி. நான் இருக்கும் தெருவில் முடிதிருத்துகிறவர் கீழே கடையும் மேலே வீடுமாக வசிக்கிறார். சந்து நம் மடிப்பாக்கத்துத் தெருவைவிடக் குறுகல். கடை நடத்துகிறவர் அங்கேயே தூங்குகிறவராக இருந்தால் சத்தத்துக்கு அவரே காவல். மூலை வீட்டுக் காபிக் கடைக்கு இந்த விதியை வைத்துப் பாருங்கள், தானாகவே விழுந்துவிடும். மாவுக்கடை தப்பிக்கும்.

பழைய மாம்பலம்

பாதியைச் சொல்கிறீர்கள், தம்பி. அதே ஜப்பானில் வண்டி நிறுத்தச் சொந்த இடமோ வாடகை இடமோ இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். 1962இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. இரவில் தெருவில் காரை விட்டுவைக்க முடியாது. அப்படிக் காலியாக இருக்கும் சந்தில் முடிதிருத்தும் கடை என்ன, மீன் கடையே வைக்கலாம். இங்கே வீட்டுக்கு ஒன்றரைக் கார், எல்லாம் தெருவில். அந்தச் சட்டத்தை முதலில் கொண்டுவாருங்கள். கடையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

யோகோஹாமா

அப்படியானால் உங்கள் சண்டை காரோடுதான், கடையோடு இல்லை. நடந்து வந்து மாவு வாங்கிப் போகிறவர் தெருவில் எதையும் அடைக்கவில்லையே.

பழைய மாம்பலம்

நடந்து வருகிறவர் அடைக்கவில்லை. காபிக் கடைக்கு அடையாற்றிலிருந்து வருகிறவர் அடைப்பார். இணையத்தில் யாராவது ஒருவர் படம் போட்டுப் புகழ்ந்தால் போதும். பெங்களூரு இந்திராநகர்க்காரர்களைக் கேளுங்கள். அங்கே குடியிருப்போர் மதுக்கூடச் சத்தத்தை எதிர்த்து இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு காலத்தில் தோட்டமும் வீடுமாக இருந்த இடம்.

குடித்தனக்காரன்

நீங்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள் போலத் தெரிகிறது. வாடகைக்கு இருப்பவன் பக்கமும் கேளுங்கள். போன வருடம் நான் இருந்த தரைத்தளத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால், என் படுக்கையறை இருந்த இடத்தில் அழகுநிலையத்தின் பெயர்ப்பலகை. வீட்டு வாடகையைவிடக் கடை வாடகை அதிகம். உடமைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் தெருவுக்கு நான்கு தரைத்தளம் இப்படிப் போனால் மாடி ஏற முடியாத வயதானவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? யோகோஹாமா நண்பர் சொன்ன ‘நடத்துகிறவரே குடியிருக்க வேண்டும்’ என்ற விதி ஒன்றுதான் எனக்கு உதவும். சத்தத்துக்காகக் கேட்கவில்லை, என் வீடு பறிபோகாமல் இருக்கும் என்பதற்காகக் கேட்கிறேன்.

மொட்டைமாடித் தோட்டம்

இதுவரை யாரும் தொடாத ஒன்று. எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டின் தரைத்தளம் முழுக்க இரும்பு அலமாரிகள். பெயர்ப்பலகை கிடையாது, உள்ளே போய் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. வாசலில் எந்நேரமும் இருபது இருசக்கர வாகனங்கள். பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற செயலியின் கிடங்கு அது. விடியற்காலையில் சரக்கு வண்டி பின்வாங்கும்போது அதன் ‘பீப் பீப்’ சத்தத்தில்தான் என் மகள் கண் விழிக்கிறாள். அந்தப் பையன்களைக் குறை சொல்லவில்லை. உட்கார ஒரு பெஞ்சோ கழிப்பறையோ இல்லாமல் மதில் நிழலில் நிற்கிறார்கள்.

உங்கள் தீர்மானம் நிறைவேறினால் முதலில் மூடப்போவது தையல்காரரும் மாவுக்கடையும். கிடங்குக்காரர்களிடம் வழக்கறிஞர் இருப்பார். அண்ணாச்சி போன இடத்தை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

கரோல் பாக்

டில்லியில் அதுதான் நடந்தது. 1962ஆம் ஆண்டின் முதல் மாஸ்டர் பிளானிலேயே வீடு வேறு, கடை வேறு என்று பிரித்து வரைந்தார்கள். பெருகிய ஊருக்குப் போதுமான கடை இடத்தைக் கட்டித் தரவில்லை. ஜனம் வீட்டிலேயே கடை வைத்தது. 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவில் சீல் வைக்கத் தொடங்கினார்கள்; கடையடைப்பு, கலவரம், சீலம்பூரில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 2007 பிப்ரவரியில் வந்த புதிய மாஸ்டர் பிளானில் பல தெருக்களைக் கலப்புப் பயன்பாடு என்று அறிவித்தார்கள். முழுத் தடை எளிது என்கிற ஐயாவுக்காக இதைச் சொல்கிறேன்.

வரைபடம்

ஏரிக்கரைவாசி ஐயா, கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவின் சர்வே எண்ணைக் கொடுத்து, சிஎம்டிஏ இணையதளத்தில் நிலப் பயன்பாடு என்ன என்று பாருங்கள். எல்லா வாதமும் அதைப் பொறுத்தது.

ஏரிக்கரைவாசி

பார்த்தேன். கலப்புக் குடியிருப்பு என்று வருகிறது.

பழைய மாம்பலம்

சரியாகப் போயிற்று. அப்படியானால் தெரு ஏற்கெனவே விற்றுப்போனது. உங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

வரைபடம்

விற்றுப்போகவில்லை. இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டம் தயாராகிறது. மண்டலத்தைப் பற்றியோ, கடையின் பரப்பளவைப் பற்றியோ, நடத்துகிறவர் குடியிருப்பதைப் பற்றியோ சங்கம் கேட்க வேண்டிய இடம் அதுதான். காபிக் கடைக்கு இப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: வாடிக்கையாளர் வண்டி எங்கே நிற்கும்?

ஏரிக்கரைவாசி

தீர்மானத்தை நான் கைவிடவில்லை. இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று, கார் நிறுத்துமிடத்தை மூடியவர்கள், கடையோ வீட்டுச் சமையலறையோ எதுவானாலும், திறந்துவிட வேண்டும். இரண்டு, வெளியாளுக்கு விடும் கடையும் கிடங்கும் இருபதடித் தெருவில் கூடாது. இதை மூன்றாவது முழுமைத் திட்டத்துக்குக் கோரிக்கையாக அனுப்புகிறோம். அண்ணாச்சி கடையை நான் என்றும் எதிர்க்கவில்லை. மாவுக்கடைக்கும் முதல் விதி பொருந்தும், அதில் விலக்கு கேட்காதீர்கள்.

மாவுக்கடை அக்கா

கார் இல்லாதவருக்கும் பொருந்துமா?

ஏரிக்கரைவாசி

பொருந்தும். நாளை வீட்டை விற்றால் வாங்குகிறவருக்குக் கார் இருக்கும்.

மாவுக்கடை அக்கா

நல்லவேளை நான் உங்கள் தெருவில் இல்லை. கூட்டத்துக்கு உங்கள் தெரு மாவுக்கடைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறீர்களா, இல்லை அவருக்கு நோட்டீஸ் மட்டும்தானா?

ராயர்

கூட்டத்தில் காபி உண்டா என்றும் சொல்லிவிடுங்கள்.