தலால் தெருவில் கைமாறும் பணத்தால் தொழிலுக்கு என்ன பயன்?

செம்பூர்_மாணவன்:
தலால் தெருவிலுள்ள மும்பை பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யில் நான் பங்கு வாங்கினால் பணம் விற்றவருக்குத்தான் போகிறது, கம்பெனிக்கு ஒரு பைசாகூடப் போவதில்லை. ஆனால் 'சந்தை சேமிப்பைத் தொழிலுக்குக் கொண்டுபோகிறது' என்று பாடத்தில் வருகிறது. முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ஐ.பி.ஓ.வில் மட்டும்தான் அது நடக்கிறதா?

மாட்டுங்கா_வாசி:
ஐ.பி.ஓ.ன்னாலே கம்பெனிக்குப் பணம்னு நினைச்சுடாதீங்க தம்பி. ஏற்கெனவே பங்கு வெச்சிருக்கறவங்க விற்கறது ஓ.எஃப்.எஸ். 2022 மே மாதம் வந்த எல்.ஐ.சி. வெளியீடு முழுக்க அதுதான், பணம் மத்திய அரசுக்குப் போச்சு. 2024 அக்டோபர்ல ஹூண்டாய் இந்தியாவின் 27,870 கோடி கொரியாவிலிருக்கும் தாய்க் கம்பெனிக்குப் போச்சு. புதுப் பங்கு எவ்வளவு, அந்தப் பணம் ஆலைக்கா, கடன் அடைக்கவான்னு வெளியீட்டு ஆவணத்துல 'நோக்கங்கள்' பகுதியில இருக்கும். முதல்ல அதைப் படிங்க.

இனி உங்க கேள்வி. கம்பெனி பங்குப் பணத்தைத் திருப்பித் தராது. இன்னைக்கு வித்தா அடுத்த வேலைநாள்ல பணம் வரும்ங்கற தைரியத்துலதான் ஜனங்க அதைக் கொடுக்கறாங்க. அந்த வாசலை மூடினா ஐ.பி.ஓ.வுக்கு யாரும் வர மாட்டாங்க.

விலையும் முக்கியம். 1,000 கோடி திரட்டணும், பங்கு 500 ரூபாய்னா 2 கோடிப் பங்கு கொடுத்தாப் போதும். 250-க்கு இறங்கினா 4 கோடி கொடுக்கணும், பழைய பங்குதாரரின் பாகம் கரையும். பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு விற்கும் கியூ.ஐ.பி.க்குக் குறைந்தபட்ச விலையே முந்தைய இரண்டு வாரச் சந்தை விலையின் சராசரியை வெச்சுத்தான். ஆக, நீங்க கொடுக்கற விலை கம்பெனியின் அடுத்த ஆலைக்கான செலவைத் தொடுது.

சயான்_கடன்பத்திரம்:
பங்கோட நிறுத்திடாதீங்க. மும்பை ஃபோர்ட் பகுதியில் எல்லாரும் பி.எஸ்.இ. கட்டடத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பக்கத்திலேயே ரிசர்வ் வங்கி நடத்தும் அரசுக் கடன்பத்திர ஏலத்தில்தான் நாட்டின் வட்டிக்கு அடித்தளம் போடப்படுகிறது. கம்பெனிகள் அந்த வட்டிக்கு மேல் இன்னும் கொஞ்சம் கொடுத்துத்தான் கடன் வாங்குகின்றன.

100 ரூபாய் முகமதிப்பு, 7% வட்டி, 10 வருடப் பத்திரம் என்று வையுங்கள். சந்தை வட்டி 8% ஆனால் விலை சுமார் 93.20-க்கு இறங்கும். புதுப் பத்திரம் 8% தரும்போது பழையதை 100-க்கு யார் வாங்குவார்?

தனிநபர்கள் அரசுக் கடன்பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கி தரும் ரீடெயில் டைரக்ட் கணக்கில் 10,000 ரூபாயில் தொடங்கலாம். அரசின் குறுகிய காலக் கடனான 91 நாள் டிரெஷரி பில் ஏலம் புதன்கிழமைகளில். முடிவில் 100 ரூபாய் தரும் பில் 98.50-க்குக் கிடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 6.11%. முதிர்வுக்கு முன் சின்ன அளவில் விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு, விலையில் அடிபடும். தவணை முடியும்வரை தேவைப்படாத பணத்தையே போடுங்கள்.

செம்பூர்_மாணவன்:
நன்றி சார். அப்போ சந்தை எங்கே பிசகுகிறது?

சயான்_கடன்பத்திரம்:
தவணைப் பொருத்தத்தில். கம்பெனிகள் கடன் திரட்ட விற்கும் கமர்ஷியல் பேப்பர் அதிகபட்சம் ஒரு வருடக் கடன். அப்படிக் கடன் வாங்கி 15, 20 வருடச் சாலைத் திட்டத்தில் போட்டால், ஒவ்வொரு முறையும் புதுக் கடன் எடுத்துத்தான் பழையதை அடைக்க முடியும். 2018-இல் சாலை போன்ற கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி கொடுத்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் அப்படித்தான் தவணை தவறியது. பயந்துபோன மியூச்சுவல் ஃபண்டுகள் மற்ற நிதி நிறுவனங்களின் பேப்பரையும் வாங்கத் தயங்கின. பில்டர்களுக்கும் வண்டி வாங்குவோருக்கும் கடன் இறுகியது.