சுங்கை சிப்புட்: வீட்டுப் பராமரிப்புத் தொண்டில் சிலர் மட்டும் ஏன் நிலைக்கிறார்கள்?

சிப்புட்வாசி கேட்டது:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில், எங்கள் ஊர்ப்பக்கம் சின்னதாக ஒரு தொண்டு அமைப்பு நடக்கிறது. வாரத்தில் 3 நாள் பக்கவாதம் வந்தவர்களுக்கும் சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்களுக்கும் மறுவாழ்வுப் பயிற்சி. மற்ற நாள்களில், புற்றுநோய் முற்றி வீட்டோடு இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது. நோயாளிகளில் நிறையப் பேர் பழைய தோட்டத்து ஆட்கள். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்துவிட்டு மலிவு வீடுகளில் இருக்கிறார்கள். தொண்டூழியர்களுக்குச் சம்பளம் கிடையாது.

சேர வருகிறவர்கள் எல்லாரும் "புண்ணியம் கிடைக்கும்" என்றுதான் வருகிறார்கள். அதில் பலர் மூன்று மாதம் தாண்டுவதில்லை. நிலைத்து நிற்கிறவர்களோ புண்ணியம் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. கேட்டால் "சும்மா, பழகிப்போச்சு" என்கிறார்கள். காசும் இல்லை, நோயாளி பிழைக்கப் போவதும் இல்லை. பிறகு எது இவர்களைப் பிடித்து வைக்கிறது? புதிதாக வருகிறவர்களுக்கு அதை முதல் மாதத்திலேயே காட்ட வழி உண்டா? செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாலாம் டிவிஷன் எழுதியது:

புண்ணியத்துக்கு வருகிறவர் நோயாளியின் முகத்தில் நன்றியைத் தேடுவார். வலியில் கிடக்கிறவருக்கு நன்றி சொல்ல ஏது தெம்பு? எரிந்துதான் விழுவார். நிலைக்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, தன் கைவேலையைப் பார்க்கிறார். வந்தபோது எப்படி இருந்தார், அரை மணி கழித்து எப்படி இருக்கிறார் என்பதுதான் அவர் கணக்கு. ஆகவே முதல் மாதம் உபதேசத்தை விட்டுவிட்டுக் கைவேலை பழக்குங்கள்.

வாயிலிருந்து தொடங்குங்கள். கடைசி வாரங்களில் வாய் வறண்டு, நாக்கில் தடிப்பாகப் படிந்து, பேச்சே குழறும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. சின்னப் பிள்ளைகளின் மெத்தென்ற பல் பிரஷை அதில் முக்கி, உதறிவிட்டு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கு என்று மெதுவாகத் துடைக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு, அரைமயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறிவிடும். படிந்திருப்பதைச் சுரண்டி எடுக்கவும் கூடாது, ரத்தம் வரும். தயிர் மாதிரி வெள்ளைத் திட்டாக இருந்தால் அது பூஞ்சை, மருந்து வேண்டும், மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லிவிடுங்கள். இதை ஒழுங்காகச் செய்த வீட்டில், முந்தின நாள் முனகிக்கொண்டு கிடந்தவர் மறுநாள் "காப்பி கொடு" என்று தெளிவாகக் கேட்கலாம். புதியவருக்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

அடுத்தது புரட்டிப் படுக்க வைப்பது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். முழுப் பக்கவாட்டில் நிறுத்தினால் இடுப்பெலும்பு முனையில் பாரம் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை, குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோல் உரியும். பழைய கைலியை நாலாக மடித்து உடம்புக்கு அடியில் விரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பிழைத்தோம். வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவவே கூடாது, நம் வீடுகளில் அக்கறையோடு செய்கிற கெடுதல் அது.

இனி, நம் ஊர் ஆளால் மட்டுமே முடிகிற வேலை ஒன்று. டாக்டர் மலாயில் கேட்பார், தோட்டத்துப் பாட்டி "சாக்கிட்" (வலிக்குது) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதே பாட்டி தமிழில் பத்து விதமாகச் சொல்வார்: கடுக்குது, எரியுது, சுள்ளுன்னு ஓடுது, இழுத்துப் பிடிக்குது, மரத்துப்போய்க் குத்துது. "எரியுது, சுள்ளுன்னு ஓடுது" என்றால் பெரும்பாலும் நரம்பு வலி, மார்ஃபின் மட்டும் போதாமல் வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். "அசைந்தால் மட்டும் கடுக்குது" என்றால் எலும்பாக இருக்கலாம். "விட்டு விட்டு இழுத்துப் பிடிக்குது" என்றால் குடல். அந்தச் சொல்லை அப்படியே நோட்டில் எழுதி, எந்த இடம், எத்தனை மணிக்கு, எதனால் கூடுது என்று மிஸ்ஸி கையில் கொடுத்தால் மருந்தே மாறும். நோயாளியின் வார்த்தையைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது தொண்டூழியர். அந்த இரவு தூக்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டஃபர் ஹோஸ்பிஸை (குணமாகாத நோயாளிகளுக்கான கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா நாலும் சேர்ந்தது என்றார். டாக்டராவதற்கு முன் அவர் தாதியாகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டதில் வந்த அறிவு அது.

ரப்பர் விதை எழுதியது:

நாலாம் டிவிஷன் அக்கா சொன்னது ஹோஸ்பிஸ் பக்கத்துக்குப் பொருந்தும். மறுவாழ்வில் அரை மணியில் எதுவும் மாறாது, வாரக்கணக்காகும். அதனால் அளந்து எழுதாவிட்டால் தொண்டூழியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்தே சோர்ந்துபோவார்கள்.

அளவுக்குப் பெரிய கருவி வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பாருங்கள். வாரம் ஒருமுறை, அதே நாற்காலி, அதே செருப்பு. எண்ணைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதுங்கள், வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள். 41 என்று இருந்தது 36 ஆனால், யாரும் பாராட்ட வேண்டியதில்லை.

இலக்கு நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். "நடக்கணும்" என்பது இலக்கு இல்லை. "ராத்திரி மருமகளை எழுப்பாமல் கக்கூசுக்குப் போகணும்" என்பதுதான் இலக்கு. அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: கட்டிலில் புரளுவது, காலைத் தொங்கவிட்டு உட்காருவது, எழுவது, ஆறு எட்டு நடப்பது, கதவு, திரும்புவது, உட்காருவது. எந்தத் துண்டில் சிக்குகிறதோ அதற்குத்தான் பயிற்சி. பழைய வீடுகளில் பெரும்பாலும் சிக்குவது குந்து கழிப்பறையில்தான், அதற்குக் கமோட் நாற்காலி. வாசப்படிக்குப் பலகைச் சாய்வு போட்டால் 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம். 6 அங்குலப் படிக்கு 6 அடிப் பலகை. இடம் இல்லை என்று 3 அடியில் முடிக்கிறார்கள், சக்கர நாற்காலி பின்னால் உருண்டு வருகிறது.

அடிக்கடி பார்க்கிற தப்புகள்: பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது. தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், விலகிவிடும், பிறகு வலியில் பயிற்சியே நின்றுபோகும். இடுப்பில் அகலமான வார் கட்டி அதைப் பிடியுங்கள். கால் ரெண்டும் தரையில் பதிந்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவு குனிந்தால்தான் எழ முடியும். கைத்தடி நல்ல கையில், உயரம் மணிக்கட்டு மடிப்பு வரை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்கு, பாவம் வலிக்குமே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், செயற்கைக்கால் மாட்ட முடியாமல் போகும். கால் நீட்டியே இருக்கட்டும்.

இந்த வேலையில் கடினமான பாடம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. அவர் பொத்தானைப் போடப் பத்து நிமிடம் ஆகும். நீங்கள் போட்டால் பத்து விநாடி. போட்டுவிட்டால் அன்றைய பயிற்சி உங்களுக்குத்தான் நடந்தது. அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கத் தெரிந்தவர்தான் இங்கே தங்குவார். 1996-இல் தொடங்கிய நாசாம் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கியவரே பக்கவாதத்திலிருந்து மீண்டவர் என்பதை இங்கே சொல்லலாம். உங்கள் பழைய நோயாளி ஒருவரை வாரம் ஒருநாள் பயிற்சிக்கு உதவியாளராகக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அர்த்தத்தை ஊற்றினால் மோட்டார் ஓடாது, பெட்ரோல் வேண்டும். தொண்டு நிறுவனம் என்றால் சம்பளமே இல்லை என்று யார் சொன்னது? 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா நோயாளியிடம் காசு வாங்காமல் வீட்டுக்குப் போகிறது, ஆனால் அதன் டாக்டர்களும் தாதியரும் சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்பவர்கள். 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் ஆரம்பித்த பிடிகே சமூக மறுவாழ்வுத் திட்டத்திலும் பணியாளருக்கு அலவன்ஸ் உண்டு.

வேலைக் களைப்புக்கு 'பர்ன் அவுட்' என்று 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் எழுதியது எந்தப் பெரிய கம்பெனியையும் பார்த்து அல்ல. நியூயார்க்கில் ஓர் இலவசக் கிளினிக்கில் ஆர்வமாக வந்து உழைத்த தொண்டூழியர்களைப் பார்த்துத்தான். மனசு நிறைய ஆசையோடு வருகிறவர்தான் முதலில் கருகுகிறார். தம்பி சிப்புட்வாசி, உங்களை விட்டுப் போனவர்களில் எத்தனை பேர் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள் என்று முதலில் பாருங்கள்.

சில விதிகள்: வண்டி எண்ணெய்க் காசு மாதாமாதம் கொடுத்துவிட வேண்டும், கேட்டு வாங்க வைக்கக்கூடாது. புதியவர் தனியாக எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் சாகும் நிலையில் இரண்டு நோயாளிக்கு மேல் வேண்டாம், மற்றவை மறுவாழ்வுப் பக்கமாக இருக்கட்டும். இரவு 9-க்கு மேல் வரும் அழைப்பு ஒருங்கிணைப்பாளர் எண்ணுக்குப் போகட்டும். கைமாற்றுக் கொடுப்பது, வாங்குவது இரண்டும் கிடையாது.

இன்னொன்று. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் தகுதி உள்ளவர்களுக்கு கெபாஜிக்கான் (சமூக நல இலாகா) மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. விண்ணப்பப் பாரம் மலாயில் இருப்பதால் பல வீடுகளில் நிரப்பாமலே கிடக்கும். உடம்பைத் தொட்டுப் பராமரிக்கக் கூச்சப்படும் தொண்டூழியருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். பணம் வந்த அன்று அவருக்கும் இங்கே ஓர் இடம் கிடைத்துவிடும்.

சிப்புட்வாசி எழுதியது:

நன்றி அண்ணே, அக்கா. ஷிப்ட் விஷயம் யோசிக்கவே இல்லை, கணக்கெடுக்கிறேன். ஒரு சந்தேகம்: கடைசி நேரத்தில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று வாயில் பால் ஊற்றுகிறார்கள். அந்த இடத்தில் தொண்டூழியர் விழிக்கிறார்கள். தடுத்தாலும் பொல்லாப்பு, விட்டாலும் பொல்லாப்பு. அதற்குப் பிறகு திரும்பி வராதவர்களும் உண்டு.

நாலாம் டிவிஷன் எழுதியது:

தடுக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். அதைச் சாகும் நேரத்தில் பேசக்கூடாது. நோயாளி சாப்பாட்டைக் குறைக்கும் வாரத்திலேயே வீட்டுப் பெரியவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: "இப்போ விழுங்குற சக்தி இல்ல, கரண்டியால ஊத்துனா மூச்சுக்குழாயில போயிடும், மூச்சு முட்டும். பஞ்சுல தொட்டு வைப்போம், எல்லாரும் வைக்கலாம்." பெரியவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களை அவரே பார்த்துக்கொள்வார்.

அன்றைக்கு: தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் சாய்த்து வையுங்கள். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலும் சாய்த்துப் படுக்க வைத்தாலே பாதி அடங்கும். பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சின்னக் கிண்ணத்தில் பால் 2 தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். ஆளுக்கொரு பஞ்சுத் துண்டு, முக்கி நன்றாகப் பிழிந்து, கீழுதட்டின் உள்பக்கம் தொட்டால் போதும். பேரப்பிள்ளைகள் முதலில், கட்டிக்கொண்டவர் கடைசியில். ஐந்தாறு பேருக்கு ஒருமுறை வாயைச் சுத்தமான ஈரத்துணியால் ஒற்றி எடுக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் தொண்டூழியர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.