தறி நின்றால் அழும் பாப்பா

கேள்வி: சோமனூர் பொண்ணு

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேனுங்க. மகளுக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் விசைத்தறிக் குடோன். பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் அயர்ந்து தூங்குகிறாள். இப்போது ராத்திரி ஷிப்ட் இல்லை. தறி நின்றதும் விழித்துக்கொள்கிறாள். தோளில் போட்டு நடந்தால் அடங்குகிறாள். பாயில் கிடத்தினால் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு அழுகிறாள். ராத்திரியும் சேலைத் தொட்டிலிலேயே போடு என்கிறார் அம்மிச்சி. கைப்பழக்கம் ஆகிவிடும், தூக்காதே என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பெருந்துறை நர்ஸம்மா

கண்ணு, இந்த வயதில் தூக்கி யாரும் கெட்டுப்போனதில்லை. தாராளமாகத் தூக்கு. பச்சைக்குழந்தை வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்.

அசைவை உணரும் உள்காது பிறப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடும். நீ நடந்தபோதெல்லாம் அவளும் உள்ளே ஆடினாள். உன் ரத்த ஓட்டத்தின் இரைச்சல் எந்நேரமும் கேட்டது. அதனால் சீரான ஆட்டமும் சீரான சத்தமும் அவளுக்குப் பழக்கமானவை. மெதுவாக, ஒரே தாளத்தில் ஆட்டினால்தான் அடங்குவாள். எவ்வளவு அழுதாலும் குலுக்கிவிடக் கூடாது, மூளைக்கு ஆபத்து.

கிடத்தினதும் ஏன் அழுகிறாள்? ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2022-இல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் தூக்கி நடந்ததில் அழுகை நின்றது, கிட்டத்தட்ட பாதிப் பேர் தூங்கியே போனார்கள். உடனே கிடத்தினால், முதுகு படுக்கையில் படுவதற்கு முன், அம்மாவின் உடம்பை விட்டுப் பிரியும்போதே இதயத்துடிப்பு ஏறிவிடுகிறது. அதனால் தூங்கின பிறகும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திரு. அப்புறம் கிடத்து. முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை. தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் கையை விரித்துத் திடுக்கிடுவாள். ஆறு மாதத்துக்குள் அது தானாகப் போய்விடும்.

அம்மிச்சியின் தொட்டில் ஆட்டி அடக்க நல்லதுதான், நீ பக்கத்தில் இருக்கும்போது. தூங்க அது வேண்டாம். சேலை வளைவில் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடு. இலவம்பஞ்சுத் தலையணையும் வேண்டாம்.

பதில்: பொள்ளாச்சி தோப்புக்காரன்

தங்கச்சி, மாப்பிள்ளையிடமும் கொடுத்துப் பாரும்மா. என் மனைவி தூக்கினால் பையன் பால் வாசனைக்கு முட்டுவான். என் தோளில் சீக்கிரம் அடங்கிவிடுவான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் களத்தில் நடப்பது இன்னமும் என் வேலைதான்.

சோமனூர் பொண்ணு

நன்றிங்கம்மா, நன்றிங்கண்ணா. தறிச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து தலைமாட்டில் வைக்கலாமுங்களா?

பெருந்துறை நர்ஸம்மா

தலைமாட்டில் வேண்டாம் அம்முணி. அறையின் அந்தக் கோடியில், தாழ்ந்த சத்தத்தில் வை; தூங்கினதும் நிறுத்திவிடு. பகலிலும் குடோன் சுவரை விட்டு உள்ளறைக்கு மாற்று. தறிக் கூடத்தில் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். ஆஸ்பத்திரிப் பச்சைக்குழந்தை அறைக்குச் சொல்லப்படும் அளவு 50. அந்தச் சின்னக் காது பாவம்.

காலையில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வா, ராத்திரிப் பால் கொடுக்கும்போது ட்யூப்லைட் போடாதே. இரவு பகல் உடம்புக்குப் பிடிபடத் தொடங்கும் மாதங்கள் இவை.