கப்பல் மோட்டார் சூடாகிறது: மின்மாற்றி வைத்தால் போதுமா?

கோத்தகிரி இலை:
எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டியின் விசிறிக்கு, உடைத்த கப்பலிலிருந்து வந்த மோட்டாரைப் பொருத்தியிருக்கிறோம். தகட்டில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1,760 சுற்று என்று இருக்கிறது. இங்கே ஓடுவதோ 1,470 சுற்று. அடி இலை வாடியும் மேல் இலை விறைப்பாகவே கிடக்கிறது. சற்று நேரம் ஓடினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. மின்மாற்றி வைத்து 440 ஆக்கலாமா?

ஊட்டி வயரிங்:
தாராளமாக. 415-ஐ 440 ஆக்கினால் தீர்ந்தது.

குன்னூர் கடலோடி:
வேண்டாம் அண்ணா, சூடு இன்னும் கூடும். வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். தகட்டின்படி 7.3 வர வேண்டும், நம் லைன் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்போது 8.3, மின்மாற்றி வைத்தால் 8.8. இரும்பு அளவுக்கு மீறிக் காந்தமேறி, மின்னோட்டத்தை வீணாகக் குடிக்கிறது. சுற்று ஏறவே ஏறாது, அது ஹெர்ட்ஸைப் பொறுத்தது.

கப்பலில் மின் வேலை பார்ப்பவன் நான், விடுமுறையில் வந்திருக்கிறேன். துறைமுகத்திலும் இதே தலைவலிதான். கப்பல்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், நம் கரை 50. டீசல் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தில் நிற்க வேண்டுமானால் நடுவில் அதிர்வெண் மாற்றி வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 6,600 அல்லது 11,000 வோல்ட்டில் கேபிள் வரும். பேஸ் வரிசையை முதலில் பார்ப்போம். அது மாறினால் பம்புகள் தலைகீழாகச் சுற்றும். பிறகு ஜெனரேட்டரோடு ஒத்திசைத்து, சுமையை மெல்லக் கரைக்கு மாற்றிய பின்பே அணைப்போம்.

அந்த அதிர்வெண் மாற்றியின் குட்டிதான் வி.எஃப்.டி., மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸையும் வோல்ட்டையும் சேர்த்து மாற்றும் கருவி. மின்மாற்றிக்குப் பதில் அதை வையுங்கள். அதில் மோட்டார் விவரமாகத் தகட்டில் உள்ள 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றே பதியுங்கள். உடனே 60-க்குத் தூக்க வேண்டாம்: விசிறிக்கு 50-ஐவிட 1.73 மடங்கு திறன் தேவைப்படும். மேலும், சாதாரண மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்குமே கணக்கிடப்பட்டவை. நம் மலைக் காற்று மெல்லியது, சூட்டை அவ்வளவாக இழுக்காது.

ஊட்டி வயரிங்:
ஹெர்ட்ஸை நான் கவனிக்கவில்லை. தம்பி சொல்வதுதான் சரி.

கோத்தகிரி இலை:
வி.எஃப்.டி. மாட்டி 55 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறோம். ஆம்பியர் தகட்டின் அளவுக்குள் நிற்கிறது, மேல் இலையும் வாடுகிறது. ஆனால் மோட்டார் ஓடினால் அலுவலக ரேடியோ இரைகிறதே?

குன்னூர் கடலோடி:
வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குக் கவசக் கேபிள் போட்டு, கவசத்தை இரு முனையிலும் எர்த் செய்யுங்கள். ரேடியோ வயரும் அதன் பக்கத்தில் போக வேண்டாம்.