கொடி போட்ட டி-ஷர்ட்டுக்காக மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்: கலிபோர்னியா பெற்றோர் உதவ வேண்டும்

மகன் இங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். மே 5, மெக்சிகர்கள் கொண்டாடும் சிங்கோ டே மாயோ நாளன்று நெஞ்சில் அமெரிக்கக் கொடி போட்ட டி-ஷர்ட்டில் போனான். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார் துணை முதல்வர். மறுத்து வந்துவிட்டான். காரணமில்லாமல் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. சண்டை, மிரட்டல் எதுவும் இல்லை. அவனுடைய நெருங்கிய நண்பர்களே மெக்சிகப் பிள்ளைகள்தான்.

முதல்வருக்கு எழுதினேன், 'பாதுகாப்புக்காக' என்று ஒரே வரியில் பதில். பள்ளி மாவட்ட அலுவலகத்திலிருந்து பதிலே இல்லை. உடை விதிகளில் கொடி பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

மாணவர்களுக்குப் பள்ளியிலும் பேச்சுரிமை உண்டு என்ற உச்ச நீதிமன்றத்தின் 1969 டிங்கர் தீர்ப்பு எங்கள் பக்கம் என்று நினைத்தேன். ஆனால் இதே கலிபோர்னியாவில், மார்கன் ஹில் ஊரின் லைவ் ஓக் பள்ளியில் 2010இல் இதே நாளில் இதே பிரச்சினை வந்து, 2014இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. உச்ச நீதிமன்றம் 2015இல் வழக்கை எடுக்கவில்லை. சரி, அங்கே முந்தைய ஆண்டே மாணவர்களுக்குள் உரசல் இருந்தது. இங்கே அப்படி எதுவும் நடந்ததில்லையே!

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பேச்சுரிமையைக் காக்கும் மாநிலக் கல்விச் சட்டத்தின் 48950ஆம் பிரிவைக் காட்டி இந்தப் பதிவை நீக்கக் கேட்க, அடுத்து யாருக்கு எழுத வேண்டும்?