நஷ்டஈடு யார் கைக்குப் போச்சு?

யாழினி: சித்தப்பா, அமெரிக்காவுல அடிமைகளா இருந்த கறுப்பர்களோட வாரிசுகளுக்கு நஷ்டஈடு கொடுக்கணுமாங்கறதுதான் பேச்சுப் போட்டித் தலைப்பு. ஒரு சந்தேகம். அமெரிக்க அடிமைமுறை 1619ல ஆரம்பிச்சதுன்னு சொன்னா சரியா?

முரளி சித்தப்பா: ஆங்கிலேயர் குடியிருந்த வர்ஜீனியாவுக்குச் சரி. அந்த ஆகஸ்ட்ல பாயிண்ட் கம்ஃபர்ட்டுக்கு ஒயிட் லயன் கப்பல் வந்துச்சு. அங்கோலாலேருந்து பிடிச்சுட்டு வந்த இருபது பேருக்கு மேல அங்க கொடுத்துட்டு, உணவுப்பொருள் வாங்கிட்டுப் போச்சு. ஆனா அப்ப அங்க அடிமைச் சட்டம்னு ஒண்ணும் இல்ல. பிறகு ஒவ்வொண்ணா எழுதினாங்க. அதைப் பேசு.

முரளி சித்தப்பா: 1640ல மூணு வேலைக்காரங்க சேர்ந்து ஓடி, பிடிபட்டாங்க. வெள்ளைக்காரங்க ரெண்டு பேருக்கு நாலு வருஷம் கூடுதல் வேலை. ஜான் பஞ்ச் கறுப்பர், அவருக்கு ஆயுசு பூரா. குத்தம் ஒண்ணுதான்.

கலா அத்தை: 1662 சட்டத்தை விட்டுடாதடி. பிள்ளை அடிமையா இல்லையாங்கறது தாயைப் பொறுத்ததுன்னு எழுதினாங்க. இங்கிலாந்து வழக்கத்துல பிள்ளை தகப்பன் வழி. இதை மாத்தினதால எஜமானுக்கே பிறந்த பிள்ளையும் அவன் சொத்தாயிடுச்சு. 1667ல, ஞானஸ்நானம் வாங்கினாலும் விடுதலை கிடையாதுன்னு அந்தக் கதவையும் சாத்தினாங்க.

மணி பெரியப்பா: அப்ப அடிமையா இருந்தவங்களும் இப்ப இல்ல, வச்சிருந்தவங்களும் இல்ல. யார் யாருக்கும்மா நஷ்டஈடு கொடுக்கறது?

கலா அத்தை: அரசாங்கம் இருக்கே அண்ணே. அது ஒரு தடவை கொடுத்தும் இருக்கு, எஜமான்களுக்கு! அடிமைகளை விடுவிச்ச 1862 ஏப்ரல் 16 சட்டம், வாஷிங்டன் நகரத்துக்கு மட்டும். எஜமான் மனு போடணும், மூணு ஆணையர்கள் பார்ப்பாங்க, விடுவிச்ச அடிமை ஒருத்தருக்குச் சராசரி 300 டாலர் வரைக்கும். விலை மதிக்க பால்டிமோர்லேருந்து ஒரு அடிமை வியாபாரியையே வரவழைச்சாங்க. விடுதலையானவங்களுக்கு, நாட்டை விட்டுப் போனா மட்டும் 100 டாலர் வரைக்கும். நெஞ்சு பொறுக்கல எனக்கு.

முரளி சித்தப்பா: 1865 ஜனவரில, உள்நாட்டுப் போர்ல அரசாங்கப் படையோட ஜெனரல் ஷெர்மன், கடலோர நிலத்தை விடுதலையான கறுப்பர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும் ஒதுக்கினார். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருஷம் பழைய சொந்தக்காரங்களுக்கே திருப்பிட்டார்.

மணி பெரியப்பா: அது அநியாயம்தான். ஆனா இன்னார் வாரிசுன்னு இன்னிக்கு எப்படி நிரூபிப்பாங்க?

கலா அத்தை: சிக்கலே அங்கதான். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புல எஜமான் பேர் இருக்கும். அடிமைக்கு வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். எல்லாரும் பேரோட வர்றது 1870லதான். அதுல குடும்பத்தைப் பிடிச்சு, பக்கத்து நிலச்சுவான்தார்களோட உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம்னு பின்னாடி போகணும். குடும்பப் பேரை மட்டும் நம்பினா தப்பாயிடும். நிறையப் பேர் எஜமான் பேரை வச்சுக்கல. விடுதலையான கறுப்பர்களுக்காக இருந்த ஃப்ரீட்மன்ஸ் பேங்க் பதிவேட்டுல சிலருக்குத் தாய் தகப்பன் பேரே கிடைக்கும்.

யாழினி: கறுப்பர்களுக்கு எங்கயாவது நஷ்டஈடு கொடுத்திருக்காங்களா அத்தை?

முரளி சித்தப்பா: இல்லினாய்ல எவன்ஸ்டன் நகரம் 2021ல வீட்டுக்காக ஆளுக்கு 25,000 டாலர்னு முடிவு பண்ணிச்சு. 1919லேருந்து 1969 வரைக்கும் அங்க வாழ்ந்த கறுப்பர்கள், இல்லன்னா அவங்க வாரிசுகளுக்கு. அது ஊர் வீட்டு விஷயத்துல காட்டின பாகுபாட்டுக்கான கணக்கு, அடிமைக் காலத்துக்கானது இல்ல. பேச்சுல ரெண்டையும் கலந்துடாத.