17 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தேர்ச்சி விழுக்காட்டை எப்படி வாசிப்பது?

மலையடிவார ஆசிரியை, அணைக்கட்டு:

வணக்கம். ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 17 பிள்ளைகள். தலைமையாசிரியரும் நானும் மட்டுமே ஆசிரியர்கள். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்த 4 பேரும் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றி வாசித்தார்கள். இந்த ஆண்டு அதே வகுப்பில் உள்ள 5 பேரில் 2 பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஆய்வுக் கூட்டத்தில் இது ‘100 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்குச் சரிவு’ என்று திரையில் காட்டப்பட்டது. காரணத்தை எழுதித் தரும்படியும் கேட்டார்கள். அத்துடன், சமூகவாரியாகவும் பெற்றோரின் தொழில்வாரியாகவும் தேர்ச்சியைப் பிரித்து எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டுமாம். எங்கள் பள்ளியில் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவள் ஒரே ஒரு சிறுமிதான். அந்தக் கட்டத்தில் ‘0’ என்று எழுதினால், அவள் பெயரைச் சுவரில் எழுதியதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இதை எப்படி எழுதித் தருவது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், குடியாத்தம்:

அம்மா, 5 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே 20 விழுக்காடு இறங்கிவிடும். 60 பேர் படிக்கும் வகுப்பில் அதே காய்ச்சல் 2 விழுக்காட்டைக்கூட அசைக்காது. ஆகவே விழுக்காட்டை விட்டுவிட்டு ‘5 பேரில் 3 பேர்’ என்று நேரடியாகவே எழுதுங்கள். படிப்பவருக்கு அளவு உடனே புரியும். இன்னொன்று, சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் வேறு பிள்ளைகள், இந்த ஆண்டு இருப்பவர்கள் வேறு பிள்ளைகள். இரண்டு வெவ்வேறு குழுக்களைப் பக்கத்தில் வைத்துச் ‘சரிவு’ என்பது பொருந்தாது. ஒப்பிட வேண்டியது அதே பிள்ளையின் சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும்தான். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த மாதத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதையும் அந்த மாத வருகை நாள்களையும் அருகருகே குறித்து வாருங்கள். 17 பக்கம்தான். பெரிய பள்ளிக்கு வாய்க்காத வசதி இது.

செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், காட்பாடி:

தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும். உள்ளூரில் கூலி வேலை செய்பவரின் பிள்ளை ஆண்டு முழுவதும் பள்ளிக்கு வரும். பொங்கல் முடிந்ததும் சூளைக்குப் புறப்படும் குடும்பத்தின் பிள்ளை மழைக்காலம் தொடங்கும்போதுதான் திரும்பும். நான் பார்த்த ஒரு பையன், அடுக்கி வைத்த பச்சைக் கல் (இன்னும் சுடாத செங்கல்) அடுக்கின் நீளத்தையும் உயரத்தையும் கண்ணால் அளந்து, எத்தனை நூறு கல் என்று என்னைவிட விரைவாகச் சொன்னான். அப்பாவுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதே எண்ணைச் சிலேட்டில் எழுதச் சொன்னபோது கை நின்றுவிட்டது. அவனைக் ‘கணக்கில் பின்தங்கியவன்’ என்று பதிந்தால் அது உண்மையாகாது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சூளைக்கு அருகில் உள்ள அரசுப் பள்ளி அத்தகைய பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. இதைப் பெற்றோர் புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

மலைக் கிராமத்துப் பட்டதாரி, ஒடுகத்தூர்:

டீச்சர், சமூகக் கட்டத்தையே நம்பிவிடாதீர்கள். நாங்கள் மலையாளி பழங்குடியினர்; கேரளத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. பழங்குடியினர் பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே இன்றும் ‘வட ஆற்காடு’ என்ற பழைய மாவட்டப் பெயர்தான் இருக்கிறது. சான்றிதழுக்காக அலைந்து களைத்த குடும்பங்கள் பல. சான்றிதழ் கிடைக்காத பிள்ளையை எந்தக் கட்டத்தில் சேர்ப்பீர்கள்? தயவுசெய்து அந்தத் தாளைப் பலகையில் ஒட்டாதீர்கள். அலுவலகத்துக்குத் தேவையென்றால் மூடிய உறையில் கொடுங்கள். நான் படித்த காலத்தில் என் சமூகப் பெயரை வகுப்பில் உரக்க வாசிப்பார்கள். அந்த நாள்களில் நான் முன் வரிசையில் உட்கார்ந்ததே இல்லை.

மலையடிவார ஆசிரியை, அணைக்கட்டு:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை இரண்டு ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வாசிக்க முடியாத இருவரில் ஒருவன் இரண்டாம் வகுப்பில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு நாள்கூட வரவில்லை, சூளைக்குச் சென்றிருந்தான். மற்றவளோ ஏறக்குறைய எல்லா நாளும் வந்திருக்கிறாள். தலைமையாசிரியர் கூட்டங்களுக்குச் சென்ற நாள்களில் ஐந்து வகுப்பையும் நான் ஒருத்தியே பார்த்தேன். சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த அவளை நான் கவனிக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் இவ்விரண்டையும் அப்படியே எழுதிவிட்டேன். சமூக விவரத்தைப் பலகையில் ஒட்ட இயலாது என்றும் எழுதியிருக்கிறேன், தலைமையாசிரியரும் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை முதல் இருவரையும் என் மேசைக்கு அருகில் அமர்த்தி, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.